மறைவதற்குள் அளப்பது

நாம் தொட்டுப் பழகும் பொருள்கள் எல்லாம் ஏறத்தாழ 250 வகை நிலையான அணுக்கருக்களால் ஆனவை. ஆய்வகங்களில் இதுவரை உண்டாக்கிக் கண்டறியப்பட்ட கருக்களோ 3,300-க்கும் மேல். புரோட்டான்களும் நியூட்ரான்களும் உதிர்ந்துவிடாமல் சேர்ந்திருக்கக்கூடிய சேர்க்கைகள் 7,000 வரை போகலாம் என்பது கோட்பாட்டாளர்களின் கணக்கு. கருக்களின் உலகில் நிலையானவை சிறுபான்மை. மற்றவை பிறந்து சில நாள்களிலோ சில நொடிகளிலோ, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கிலோ வேறொன்றாகச் சிதைந்துவிடுகின்றன.

அணுக்கரு பற்றி நம் பாடநூல்கள் சொல்லுவது அந்தச் சிறுபான்மையைப் பார்த்துக் கற்ற பாடம். கருவின் ஆரம் நிறை எண்ணின் கனமூலத்தோடு சீராக வளரும். 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற மாய எண்களில் கரு தனி உறுதி பெறும். நிலையான கருக்களில் இரண்டும் உண்மை. நிலைத்தன்மையின் ஓரத்துக்குப் போகப் போக இரண்டுமே ஆட்டம் காண்கின்றன. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் சோடியம் ஐசோடோப்புகளின் நிறையை அளந்த பிரெஞ்சுக் குழு 1975-ல் ஓர் அதிர்ச்சியைத் தந்தது. நியூட்ரான் எண்ணிக்கை 20-ஐ எட்டும் இடத்தில் சோடியம் கரு மாய எண்ணுக்குரிய ஒழுங்கோடு நடந்துகொள்ளவில்லை. எதிர்பார்த்ததைவிட இறுக்கமாகப் பிணைந்திருந்தது. பந்து வடிவில் இருக்க வேண்டிய கரு நீண்டு உருமாறியிருக்கிறது என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். அடுத்த அதிர்ச்சி 1985-ல் வந்தது. இசாவோ தனிஹாட்டாவும் உடனிருந்தோரும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் லித்தியம்-11 கருவின் அளவைச் சோதித்தபோது, பதினொரு துகள்களே கொண்ட அந்தக் கரு அளவுக்கு மீறிப் பருத்திருந்தது. கடைசி இரண்டு நியூட்ரான்களும் மையத்திலிருந்து வெகுதூரம் விலகி, ஒளிவட்டம்போலப் பரவி நிற்கின்றன. அந்தக் கருவின் அரை ஆயுள் 9 மில்லி நொடிக்கும் குறைவு.

அந்த ஆயுளுக்குள் ஒன்றைப் பிடித்து, பிரித்து, கோடியில் ஒரு பங்கு துல்லியத்தில் நிறுக்க முடியுமா? அதன் ஆரத்தையும் காந்தத் திருப்புத்திறனையும் சொல்ல முடியுமா? முடியும் என்பதுதான் கடந்த நாற்பது ஆண்டுகளின் சாதனை. அதில் நம் நாட்டின் பங்கு எது, எங்கே நின்றுபோனோம் என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தில்லி நல்ல இடம்.

புதுதில்லியில் அருணா ஆசஃப் அலி சாலையில், ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தை ஒட்டி, பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் இருக்கிறது. 1984-ல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய அணுக்கரு அறிவியல் மையம்தான் 2005-ல் இந்தப் பெயருக்கு மாறியது. அணுசக்தித் துறையின் கோட்டைக்குள் இருந்த முடுக்கிகளை அணுக முடியாத பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் பொதுவாக ஒரு பெரிய கருவியைக் கட்டித் தருவது அதன் நோக்கம். இது எவ்வளவு துணிச்சலான யோசனை என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம். அங்கே 26.5 மீட்டர் உயரமுள்ள தொட்டிக்குள், கந்தக ஹெக்சாபுளோரைடு வாயுவின் காப்பில், 15 மில்லியன் வோல்ட் வரை தாங்கும் பெல்லட்ரான் முடுக்கி செங்குத்தாக நிற்கிறது. எதிர்மின் அயனிகள் மேலிருந்து இறங்கி, நடுவிலுள்ள உயர்மின்னழுத்த முனையில் எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாகி, அதே மின்னழுத்தத்தால் இரண்டாம் முறையும் தள்ளப்படுகின்றன. 1990களின் தொடக்கத்திலிருந்து நாட்டின் பல்கலைக்கழகங்கள் இதைப் பயன்படுத்தி வருகின்றன.

பெல்லட்ரான் தருவது நிலையான கருக்களின் கற்றை. நிலையற்ற கருக்களின் கற்றை வேண்டுமானால் தனி ஏற்பாடு தேவை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அதற்காகவே பெரும் ஆலைகள் கட்டினார்கள். தில்லியில் அப்படி ஒன்று கிடையாது. இருந்தது ஹைரா எனப்படும் கனஅயனி வினைப் பகுப்பான்: இரண்டு மின்புலங்களுக்கு நடுவே ஒரு காந்தம், முன்னும் பின்னும் குவிக்கும் காந்தங்கள். கருவினையில் பின்தள்ளப்படும் துகள்களை நிறைவாரியாகப் பிரிக்க அமைத்த கருவி அது. ஜே.ஜே.தாஸ், என்.மாதவன், ஏ.கே.சின்ஹா முதலானோர் அதை வேறு விதமாக இயக்கி 1990களின் பிற்பகுதியில் பெரிலியம்-7 கற்றையை உண்டாக்கினார்கள்.

செய்முறை எளிமையானது, அழகானது. லித்தியம்-7 கற்றையை ஹைட்ரஜன் நிறைந்த இலக்கின் மீது செலுத்தினால், சில கருக்கள் ஒரு நியூட்ரானைக் கொடுத்து ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு பெரிலியம்-7 ஆகும். கனமான கரு இலேசான புரோட்டானை மோதுவதால் விளைபொருள் முன்னோக்கியே, ஒடுங்கிய கூம்புக்குள் பாய்கிறது; வீணாவது குறைவு. சிக்கல் அதற்குப் பிறகு. வினைக்கு உள்ளாகாத லித்தியமும் அதே திசையில் கோடிக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறது. நெல்லையும் பதரையும் எடை வேறுபாட்டை வைத்துக் காற்றில் தூற்றிப் பிரிக்கலாம்; இங்கே இரண்டுக்கும் எடை ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது மின்னூட்டம். எல்லா எலக்ட்ரான்களையும் இழந்த பெரிலியத்துக்கு மின்னூட்டம் 4. லித்தியத்துக்கு எப்படிப் பார்த்தாலும் 3-ஐத் தாண்டாது. மின்புலமும் காந்தப்புலமும் இதைப் பற்றிக்கொண்டு பிரிக்கின்றன. கிடைத்தது நொடிக்கு ஏறத்தாழ பத்தாயிரம் பெரிலியம்-7 கருக்கள் கொண்ட, 21 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கற்றை. அதன் தூய்மை 99 சதவீதத்துக்கும் மேல்.

பத்தாயிரம் என்பது இந்தத் துறையில் பெரிய எண் அல்ல. ஆனால் அந்தத் தூய்மை பெரிது. துல்லியச் சோதனையில் எண்ணிக்கை குறைந்தால் கூடுதல் நேரம் காத்திருந்து ஈடுசெய்யலாம். கலப்படத்துக்கு அப்படி ஈடு கிடையாது. அது முடிவை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும், எவ்வளவு காத்திருந்தாலும் சாய்வு போகாது. தில்லிக் கற்றையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முதன்மையான பாடம் இதுதான்.

அந்தக் கற்றையை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பது சூரியனின் மையம் வரை போகிறது. சூரியனுக்குள் பெரிலியம்-7 ஒரு புரோட்டானைப் பிடித்துக்கொண்டால் போரான்-8 பிறக்கும். ஒரு நொடிக்கும் குறைவான அரை ஆயுளில் அது சிதையும்போது ஆற்றல் மிக்க நியூட்ரினோ ஒன்று வெளியேறும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் எண்ணியவற்றில் பெரும்பகுதி இந்த நியூட்ரினோக்களே. எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அவருக்குக் கிடைத்தது. கணக்கு தவறா, சூரியனைப் பற்றிய புரிதல் தவறா, நியூட்ரினோ வழியில் மாறிவிடுகிறதா என்று முப்பது ஆண்டுகள் விவாதித்தார்கள். 2001, 2002-ல் கனடாவின் சட்பரி சோதனை நியூட்ரினோ வகை மாறுகிறது என்று தீர்த்துவைத்தது. அத்தோடு கேள்வி முடியவில்லை, திசை மாறியது. சூரிய மையத்தின் வெப்பநிலை ஒரு சதவீதம் மாறினால் போரான்-8 நியூட்ரினோக்கள் இருபது சதவீதத்துக்கு மேல் மாறும். ஆகவே அவை சூரியனின் உள்ளே வைத்த வெப்பமானி. அதைப் படிக்க வேண்டுமென்றால் பெரிலியம்-7 புரோட்டானைப் பிடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வாய்ப்பை நேரடியாக அளப்பவர்கள் கதிரியக்கப் பெரிலியத்தை இலக்காக்கி அதன்மேல் புரோட்டான்களைச் செலுத்துகிறார்கள். சூரியனில் நடக்கும் ஆற்றலில் வினை அவ்வளவு அரிது என்பதால், சற்று உயர்ந்த ஆற்றலில் அளந்து கீழ்நோக்கிக் கணக்கிட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. தில்லிக் குழு வேறு வழியில் வந்தது. பெரிலியம்-7 கற்றையை டியூட்டிரியம் உள்ள இலக்கில் மோதவிட்டார்கள். டியூட்டிரியத்திலிருந்து புரோட்டான் பெரிலியத்துக்குத் தாவி போரான்-8 உருவாகிறது. போரான்-8-ல் அந்தக் கடைசிப் புரோட்டான் மிகத் தளர்வாக ஒட்டியிருக்கிறது. அதைப் பிரிக்க 0.14 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் போதும். குறைந்த ஆற்றலில் புரோட்டான் பிடிபடுவது கருவுக்கு வெளியே, அலைச் சார்பின் வாலில் நடக்கும் நிகழ்ச்சி. தாவும் வினையை அளந்தால் அந்த வாலின் உயரம் தெரியும். அதிலிருந்து சூரியனுக்கு வேண்டிய எண் வரும். 2006-ல் அவர்கள் வெளியிட்ட மதிப்பு 20 எலக்ட்ரான்வோல்ட்-பார்னை ஒட்டி அமைந்தது. பிழை வரம்பு பத்து சதவீதத்துக்குச் சற்று மேல்.

நேரடி அளவீடுகள் இதைவிடக் குறுகிய பிழை வரம்பைத் தருகின்றன. அப்படியிருக்க இந்த அளவீட்டின் மதிப்பு என்ன? ஒரே முறையில் பத்துப் பேர் அளந்து ஒத்துப்போனால், அவர்கள் ஒரே தவற்றைச் செய்திருக்கவும் கூடும். முற்றிலும் வேறு முறையில் வந்தவர் அதே எண்ணுக்கு வந்து சேர்ந்தால் அந்த எண்ணின் மேல் நம்பிக்கை பிறக்கிறது. தில்லி முடிவு அந்த வகைச் சாட்சி.

இதே பெரிலியம்-7 கொல்கத்தாவில் இன்னொரு கேள்வியைக் கிளப்பியது. அந்தக் கரு சிதைய ஒரே ஒரு வழிதான் உண்டு: தன் அணுவிலுள்ள எலக்ட்ரான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு லித்தியம்-7 ஆவது. அரை ஆயுள் 53.2 நாள். எலக்ட்ரான் இல்லாவிட்டால் சிதைவும் இல்லை. அப்படியானால் சுற்றியுள்ள பொருள் எலக்ட்ரான்களை இழுத்தாலோ நெருக்கினாலோ அரை ஆயுள் மாறத்தானே வேண்டும்? மாறுநிலை ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தில் அம்லான் ராயும் குழுவினரும் பெரிலியத்தைத் தங்கத்திலும் அலுமினியம் ஆக்சைடிலும் பதித்து ஒப்பிட்டு, சிதைவு வேகத்தில் 0.7 சதவீத அளவு வேறுபாட்டை 1999-ல் அறிவித்தார்கள். 2004-ல் ஜப்பானில் புல்லரீன் என்ற கரிமக் கூண்டுக்குள் வைத்த பெரிலியத்துக்கு அரை ஆயுள் 0.8 சதவீதம் குறைந்தது. கதிரியக்கத்தை வெளியிலிருந்து எதுவும் அசைக்க முடியாது என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அரை சதவீத மாற்றத்தைச் சொல்ல வேண்டுமென்றால், சிதைவுகளில் பத்தில் ஒன்றில் மட்டும் வரும் 478 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரை மாதக்கணக்கில், கருவி சற்றும் தடுமாறாமல், எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இத்தகைய வேலைக்குப் பெரிய முடுக்கி வேண்டாம், பொறுமை வேண்டும். நம் ஆய்வகங்கள் இதை இன்னும் அதிகமாகச் செய்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெரிலியத்துக்கு 53 நாள் கிடைக்கிறது. மில்லி நொடி ஆயுள் உள்ளவற்றுக்கு உலகம் கண்ட வழி, அவற்றை நிறுத்திப் பிடிப்பது. பென்னிங் பொறி என்ற கருவியில் வலுவான காந்தப்புலமும் மின்புலமும் சேர்ந்து ஓர் அயனியைக் காற்றற்ற வெளியில் சுழலவிட்டுப் பிடித்து வைக்கின்றன. ஒரு நொடியில் அயனி எத்தனை முறை சுற்றுகிறது என்பது மின்னூட்டத்தையும் காந்தப்புலத்தையும் நிறையையும் மட்டுமே பொறுத்தது. ஆகவே நிறையை அளப்பது சுழற்சியை எண்ணுவதாகிவிடுகிறது. இயற்பியலில் நாம் மிகத் துல்லியமாகச் செய்யக்கூடியது எண்ணுவதுதான். செர்னின் ஐசோல்டே நிலையத்தில் ஐசோல்டிராப், பின்லாந்தின் யுவாஸ்குலாவில் ஒன்று, கனடாவின் டிரையம்பில் டைட்டன் என்று பொறிகள் பெருகின. டைட்டன் 2008-ல் லித்தியம்-11-இன் நிறையை அளந்தது. 9 மில்லி நொடியை எட்டாத அரை ஆயுளுக்குள் பிடிப்பது, குளிரவைப்பது, எண்ணுவது எல்லாம் முடிந்தாக வேண்டும்.

லேசர் மறுபக்கத்திலிருந்து வந்தது. கருவின் ஆரம் சற்று மாறினால் எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் மிக நுண்ணிதாக நகரும். வேகமாகப் பாயும் அயனிக் கற்றையோடு லேசரை ஒரே கோட்டில் செலுத்தி, எந்த நிறத்தில் ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் அந்த நகர்வு தெரியும். 1970களில் பாதரச ஐசோடோப்புகளை ஒளியால் ஆராய்ந்தபோது, நிறை எண் 187-லிருந்து 185-க்குப் போகையில் கருவின் ஆரம் திடீரெனத் தாவியது. ஒற்றைப்படையும் இரட்டைப்படையுமாக வடிவம் மாறி மாறி வரும் இந்த விந்தைக்கு முழு விளக்கம் தேட நாற்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நிறை அளவீடும் லேசர் அளவீடும் ஒன்றையொன்று மறுத்த கதைதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது. கால்சியம்-52-இல் 32 நியூட்ரான்கள். 2013-ல் ஐசோல்டேயில் கால்சியம்-53, 54 ஆகியவற்றின் நிறையை, அயனிகள் இரு மின்னாடிகளுக்கிடையே ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓடும் காலத்தைக் கொண்டு அளந்தார்கள். 32-ஐத் தாண்டியதும் பிணைப்பு சட்டெனத் தளர்ந்தது. 32 ஒரு புதிய மாய எண் என்று நிறை சொன்னது. 2016-ல் அதே நிலையத்தில் லேசர் கால்சியம்-52-இன் ஆரத்தை அளந்தது. மாய எண்ணில் கரு கச்சிதமாக இருக்க வேண்டும்; இதுவோ எதிர்பாராத அளவுக்குப் பருத்திருந்தது. ஒரே கருவைப் பற்றி இரண்டு நேர்மையான துல்லிய அளவீடுகள், இரண்டு வேறு பதில்கள். மாய எண் என்ற கருத்தையே ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது என்று கற்றுத்தந்தது இந்த முரண். துல்லியம் குறைவாக இருந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போவதாக நினைத்து நகர்ந்திருப்போம்.

கருவின் அமைப்பைத் தாண்டியும் இந்த அளவீடுகள் போகின்றன. கார்பன்-10, ஆக்சிஜன்-14, கிளர்நிலை அலுமினியம்-26, வனேடியம்-46, ரூபிடியம்-74 போன்ற சில கருக்களின் பீட்டா சிதைவு மிகத் தூய்மையானது. அரை ஆயுள், சிதைவு ஆற்றல், கிளைப் பங்கு ஆகிய மூன்றையும் அளந்து சில திருத்தங்களைச் செய்தால் எல்லாக் கருக்களுக்கும் ஏறத்தாழ 3,072 நொடி என்ற ஒரே எண் வரும். ஜான் ஹார்டியும் இயன் டவ்னரும் பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான அளவீடுகளைச் சலித்து இந்த எண்ணைக் காத்துவந்திருக்கிறார்கள். குவார்க்குகள் ஒன்றுக்கொன்று மாறும் வலிமைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் ஒன்று வர வேண்டும் என்பது துகள் இயற்பியலின் நியதி. இந்தக் கருக்கள் தரும் மதிப்பை வைத்துக் கூட்டினால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு குறைகிறது. புதிய விசை ஒன்றின் நிழலா, திருத்தக் கணக்கின் குறையா என்று இன்னும் தீரவில்லை. 2005-ல் அமெரிக்காவின் ஆர்கான் பென்னிங் பொறி வனேடியம்-46-இன் சிதைவு ஆற்றலை அளந்தபோது, பழைய வினை அளவீடுகள் பிழையானவை என்று தெரிந்தது. 2023-ல் கிளர்நிலை அலுமினியம்-26-இன் ஆரத்தை லேசரால் முதன்முறையாக அளந்தபோது, அதுவரை ஊகித்துப் பயன்படுத்திய மதிப்பு கணிசமாக விலகியிருந்தது. உலகின் மிகப்பெரிய மோதல் வளையம் தேடும் அதே புதுமையை, ஆறு நொடி வாழும் ஒரு கருவின் ஆரமும் தேடுகிறது.

ரேடியம்-224 பேரிக்காய் வடிவில் இருப்பதை 2013-ல் ஐசோல்டே காட்டியது. அத்தகைய கருவில் காலத்தின் திசைச் சமச்சீர் முறிந்தால் அதன் விளைவு பலமடங்கு பெரிதாகத் தெரியும். அண்டத்தில் பருப்பொருள் மட்டும் ஏன் மிஞ்சியது என்ற கேள்வி அங்கே போய்ச் சேர்கிறது. 2020-ல் ரேடியம் புளோரைடு என்ற கதிரியக்க மூலக்கூறையே லேசரால் ஆராய்ந்துவிட்டார்கள். அளந்த நிறமாலையிலிருந்து கருவின் பண்பைப் பிரித்தெடுக்க எலக்ட்ரான்களின் கணக்கு மிகத் துல்லியமாக வேண்டும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் பிஜய குமார் சாகு போன்ற கோட்பாட்டாளர்கள் இந்தக் கணக்கில் உலகத் தரத்தில் நிற்பவர்கள். முடுக்கி இல்லாமலும் இத்துறையின் மையத்தில் இருக்க முடியும் என்பதற்கு அவர்கள் சான்று.

தில்லியில் இப்போது உள்ள வலிமை வேறு. தில்லி, மும்பை, கொல்கத்தா முடுக்கிகளுக்கு மாறி மாறிச் செல்லும் இந்திய தேசிய காமா வரிசை, நான்கிதழ் ஜெர்மேனியப் படிகங்களைக் கொண்டு கருக்களின் கிளர்நிலைகளைப் பதிவு செய்கிறது. பறந்துகொண்டே காமா உமிழும் கருவின் நிற விலகலிலிருந்து, ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுள்ள ஆயுள்களைக் கூட அது சொல்லிவிடும். எஸ்.முரளிதர் முதலானோர் இந்த வரிசையைத் தில்லியில் நிறுவி நடத்தினார்கள். அதற்கான மின்னணுத் தொகுதிகளும் தரவு சேகரிப்பு மென்பொருளும் அங்கேயே உருவாயின. பெல்லட்ரானுக்குப் பின்னால் உள்ள மீக்கடத்து முடுக்கியின் நையோபியம் அறைகளைச் செய்யவும் பற்றவைக்கவும் அங்கேயே கற்றார்கள். கல்லூரி ஆய்வகங்களுக்காக மலிவான அளவிகளைச் செய்துதந்த ஃபீனிக்ஸ் திட்டமும் அதே வளாகத்தில் பிறந்ததுதான். கைவேலை தெரிந்த நிறுவனம் அது.

ஆனாலும் ஒரு சுவர் நிற்கிறது. நிலையான கற்றையை நிலையான இலக்கில் மோதினால் பிறப்பவை பெரும்பாலும் புரோட்டான் மிகுந்த பக்கத்துக் கருக்கள். நியூட்ரான் மிகுந்த பக்கம், தங்கமும் பிளாட்டினமும் நியூட்ரான் விண்மீன் மோதலில் பிறக்கும் பாதை, இந்த முறைக்குப் பெரும்பாலும் எட்டாது. அதற்குக் கதிரியக்கக் கற்றை ஆலை தேவை. கொல்கத்தா மையம் தன் சைக்ளோட்ரானைக் கொண்டு ஆக்சிஜன்-14, ஆர்கான்-41 போன்ற கற்றைகளை உண்டாக்கிக் காட்டியிருக்கிறது. ராஜர்ஹாட்டில் அனுரிப் என்ற பெரிய நிலையத்தையும் திட்டமிட்டது. டிரையம்ப் மையத்துடன் சேர்ந்து எலக்ட்ரான் முடுக்கியின் பகுதிகளையும் செய்தது. இதற்கிடையே ஜப்பானின் ரிக்கன் நிலையம் 2007-லும் அமெரிக்காவின் மிச்சிகன் நிலையம் 2022-லும் வேலையைத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியின் ஃபேர் நிலையத்தில் 2010 முதல் நாம் பங்காளிகள். 2017 முதல் செர்னின் இணை உறுப்பினர்கள். நம் ஆய்வாளர்கள் ஐசோல்டேக்கும் போகிறார்கள். கனடாவில் பணியாற்றும் ரிதுபர்ணா கானுங்கோ ஆக்சிஜன்-24-ல் புதிய மாய எண்ணுக்கான சான்றை 2009-ல் தந்தார்.

வெளிநாட்டுக் கற்றையில் சில நாள் கிடைப்பது நல்லதே. ஆனால் துல்லியச் சோதனை சில நாளில் நடப்பதல்ல. ஒரு பென்னிங் பொறியை நிலைப்படுத்த, அதன் காந்தம் எப்போது எவ்வளவு நழுவுகிறது என்று பழகிக்கொள்ள, பிழைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக அடக்க ஆண்டுகள் பிடிக்கும். அந்தப் பயிற்சி நம் மண்ணிலேயே, நம் மாணவர் கையிலேயே நடக்க வேண்டும். என் தீர்ப்பு இது: பெரிய ஆலை வரும்வரை காத்திருக்கக் கூடாது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் இன்று கிடைக்கும் கருக்களுக்கே ஒரு பொறியையும் ஒரு லேசர் வரிசையையும் முழுநேரமாக ஒதுக்க வேண்டும். நொடிக்குப் பத்தாயிரம் கருக்களே இருந்தபோது பெரிலியம்-7 கற்றையைப் பயனுள்ளதாக்கிய அணுகுமுறை இதற்கும் போதும்.

தமிழ்நாட்டில் இயற்பியல் முதுகலை படிப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தில்லி மையத்தின் கற்றை நேரம் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொது. உங்கள் ஆய்வுத் திட்டத்தைப் பயனர் குழு தகுதியின் அடிப்படையில் பரிசீலிக்கும். மாணவர்களுக்குக் கோடைப் பயிற்சித் திட்டமும் உண்டு. உங்கள் கல்லூரியில் முடுக்கி இல்லையே என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். அந்தக் குறையைப் போக்கத்தான் அந்த மையத்தையே கட்டினார்கள். விண்ணப்பியுங்கள்.